நடுவில் வைக்காத உருளி

தேய்த்து முடித்த பிறகுதான் கையில் இருப்பது புளி என்று பார்த்தாள்.

குத்துவிளக்குத் தேய்க்க எடுத்த புளி. பக்கத்துச் சாப்பாட்டு மேசையில் ஒரு பொட்டு சாம்பார் மஞ்சள் கண்ணில் பட்டது. யோசிப்பதற்குள் கை முந்திக்கொண்டது.

மஞ்சள் போய்விட்டது.

கூடவே பளபளப்பும் போய்விட்டது.

வெள்ளைப் பளிங்கில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மங்கல். தண்ணீர் விட்டுத் துடைத்தாள். துணியால் ஒற்றினாள். ஊதிக்கூடப் பார்த்தாள். அழுக்காக இருந்தால்தானே போகும். புளி கல்லையே தின்றிருந்தது.

சாயங்காலம் மாமியார் வருகிறார், ஈரோட்டில் இருக்கும் மகள் வீட்டிலிருந்து.

அந்த மேசை மாமியாருக்கு இன்னொரு பிள்ளை. வெதுவெதுப்பான தண்ணீர், பருத்தித் துணி, துடைத்த கையோடு ஈரம் ஒற்ற வேண்டும். சூடான பாத்திரத்துக்குப் பிரிமணை. காபி டம்ளருக்கு கோஸ்டர். வருஷம் ஒருமுறை கல்லுக்கு சீலர் பூச்சு. அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் தரையில் சம்மணம்தான். எலுமிச்சை ஆகாது என்று சொன்னவர் கடைக்காரர். புளியும் ஆகாது என்று மாமியார் தானாகவே சேர்த்துக்கொண்டார்.

கல்யாணமாகி நான்கு மாதம். ஊருக்குக் கிளம்பும்போது மாமியார் பீரோ சாவியைக் கொடுக்கவில்லை. மேசையைக் காட்டினார்.

"கண்ணு, இது உம்பொறுப்பு."

சாவியே கிடைத்தாலும் அவ்வளவு பெருமையாக இருந்திருக்காது. இந்த வீட்டில் அவளை நம்பி ஒப்படைத்த முதல் பொருள். 

மறைத்துவிடலாம்.

மேசைமேல் இருந்தவை இரண்டே பொருள். மாமியார் உட்காரும் ஓரத்தில் அவர் பின்னிய நூல் விரிப்பு. அதை யாரும் தொடக்கூடாது. துவைப்பதும் விரிப்பதும் அவரேதான்.

இன்னொன்று மாமனாரின் பித்தளை உருளி. தண்ணீரில் பூ மிதக்கும். மேசை நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கும். நடுவில் வைக்கலாமே என்று யார் சொன்னாலும், அங்கேயே இருக்கட்டும் என்பார். சட்டைப் பொத்தானை ஒழுங்காகப் போடத் தெரியாத மனிதர், அந்த உருளிக்கென்று தினமும் காலையில் நந்தியாவட்டை பறித்து வருவார். என்ன ரசனை என்று சொந்தக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள்.

உருளி இந்தப் பக்கம் வந்தால் போதும்.

இழுத்தால் கல் கீறும். இரண்டு கையாலும் தூக்கினாள்.

அடியில் இன்னொரு மங்கல்.

அதே அகலம். தேய்த்த விதமும் அதேதான். கொஞ்சம் பழசு, அவ்வளவுதான் வித்தியாசம்.

பின்னால் செருப்புக் கழற்றும் சத்தம். பால் பாக்கெட்டோடு மாமனார்.

அவளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த உருளியைப் பார்த்தார். அவளுடைய மங்கலைப் பார்த்தார். தன்னுடையதைப் பார்க்கவில்லை.

"புளியா?"

தலையசைத்தாள். பூத்தண்ணீர் தளும்பி முழங்கை வரை ஓடியது.

மாமனார் உருளியை வாங்கினார். பழைய இடத்திலேயே, தன் மங்கலின் மேலேயே, அலுங்காமல் வைத்தார். பால் பாக்கெட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. தன் தலை தப்பினால் போதும் என்று போய்விட்டாரே மனுஷன்!

பாலை அடுப்பில் வைத்தாள். விளக்கை மறுபடி தேய்த்தாள். அது ஏற்கெனவே மின்னிக்கொண்டுதான் இருந்தது.

ஸ்கூட்டர் திரும்பி வந்தது. செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலம். மாமனார் பிரித்தார்.

இன்னொரு உருளி.

அவள் மங்கலின்மேல் வைத்தார். தண்ணீர் ஊற்றினார். பழைய உருளியிலிருந்து பாதிப் பூவை அள்ளி இதில் விட்டார். ஓரெட்டுப் பின்னால் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பெரிய கலைஞர் மாதிரி பார்த்தார்.

சிரிப்பு அவளுக்குத்தான் முதலில் வந்தது. அடக்கப் பார்த்தாள். மூக்கு வழியாக வெடித்தது. அப்புறம் அவருக்கும் தொற்றிக்கொண்டது. பால் பொங்கி அடுப்பு அணைந்ததுகூட இரண்டு பேருக்கும் தெரியவில்லை. இந்த வீட்டில் அவள் வயிறு வலிக்கச் சிரித்தது அன்றைக்குத்தான்.

வாசலில் ஆட்டோ நின்றது.

மாமியார் தோள் பையைக்கூட இறக்கவில்லை. நேராக மேசைக்கு வந்தார்.

ஒரு உருளி. அந்தப் பக்கம் இன்னொரு உருளி. இரண்டுமே நடுவில் இல்லை.

மாமனார் மின்விசிறியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

மாமியாரின் பார்வை குத்துவிளக்குக்குப் போனது. அதன் இடுக்கில் கொஞ்சம் புளிச்சக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து மறுபடி மேசைக்கு வந்தது.

தொலைந்தோம் என்று நினைத்தாள்.

மாமியார் தன் ஓரத்துக்குப் போய் உட்கார்ந்தார். நூல் விரிப்பின் நுனியை இழுத்துச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

"ஏனுங்க, வாங்குனதுதான் வாங்குனீங்க" என்றார் மாமனாரிடம். விரிப்பின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"மூணா வாங்கியிருக்கக் கூடாதுங்களா?"