விரல் அசைந்தது

ஆசுபத்திரியில் பிசியோ மிஸ் கம்சாயினி என் வலது கையில் இரண்டு பட்டிகளை ஒட்டி, வயரைப் பெட்டியில் செருகினார். நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"என்ன ஐயா, மூணாந்தரமும் எழும்பி ஓடப் போறீங்களா?"

"கரண்ட் வேணாம் மகள். எண்ணெய் தேய்ச்சுப் பாக்கிறன்."

"எண்ணெய்க்கு இந்தக் கை வராது. இப்பிடியே விட்டா சதை வத்திப்போகும். பிறகு மண்வெட்டி இல்ல, சோத்துக் கோப்பையும் தூக்க மாட்டீங்க. கரண்ட் அடிச்சுப் போன கையைக் கரண்டாலயே எழுப்புவம், வாங்க."

வவுணதீவில் கூலிக்கு வரம்பு கட்டுகிறவனுக்குக் கை போனால் வேறு என்ன இருக்கிறது? கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினேன்.

"வீட்டிலயும் பயிற்சி செய்யோணும். அடுத்த முறை மனுசியையும் கூட்டி வாங்க."

நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர் குமிழைத் திருகினார். எறும்பு ஊர்வது போல இருந்தது. ஐந்து மாதமாகச் செத்துக் கிடந்த விரல்கள் சுருண்டு துடித்தன.

"பாருங்க ஐயா, ஆடுது! உயிர் இரிக்கி!"

நான் பட்டிகளைப் பிய்த்தெறிந்தேன்.

"ஏன் ஐயா, நோகுதா?"

"இல்ல மகள். யானைக்கெண்டு வயல் வட்டை ஓரமா நான்தான் களவா கரண்ட் கம்பி கட்டினன். விடிய மாடு தேடிப் போன என்ட மனுசி அதில விழுந்து கிடந்தா. அவட விரலும் இப்பிடித்தான் ஆடிச்சு. உயிர் இரிக்கெண்டுதான் ஓடிப் போய் இந்தக் கையால பிடிச்சன்."