முதலில் மாத்திரை

மூச்சிரைக்க ஓடிவந்த லிப்ட் மெக்கானிக், தங்கை வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் நின்று முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டான்.

அழுத முகத்தோடு உள்ளே போனால் காரியம் கெட்டுவிடும்.

முதலில் அவள் வயிற்றுக்குள் ரெண்டு மாத்திரை போக வேண்டும். அரைமணி நேரமாவது கழிய வேண்டும். அதற்குப் பிறகுதான் அவள் புருஷன் செத்துப்போனதைச் சொல்ல வேண்டும்.

கேட்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கும். என்ன செய்ய, அந்த வீட்டு உடம்பு வாகு அப்படி.

எல்லோருக்கும் சிறுநீரகத்தின் தலையில் தொப்பி வைத்த மாதிரி ஒரு சுரப்பி இருக்கிறது. காய்ச்சலோ, பயமோ, இழவுச் சேதியோ, எது வந்து மோதினாலும் அது தன் பாட்டுக்கு ஹார்மோனைச் சுரந்து ஆளைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். அப்படி ஒன்று இருக்கிற நினைப்பே யாருக்கும் இருக்காது.

இந்த அண்ணனுக்கும் தங்கைக்கும் அது சுரப்பதில்லை. பாரபட்சம் பார்க்காமல் இரண்டு பிள்ளைகளுக்கும் அப்பா விட்டுப்போன ஒரே சொத்து அதுதான்! தினசரி மாத்திரையில்தான் வண்டி ஓடுகிறது. பெரிய அதிர்ச்சி என்றால் கூடுதலாக ரெண்டு போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போய்விடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அப்பா அப்படித்தான் போனார். காலையில் சித்தப்பா செத்த சேதி வந்தது, சாயங்காலம் அப்பா. அண்ணன் தம்பி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று வந்தவர்களெல்லாம் மெச்சினார்கள். பாசமாவது மண்ணாங்கட்டியாவது.

தங்கை புருஷனுக்கும் இவன் மனைவிக்கும் ஒரே ஆபீஸ். தினமும் ஒரே காரில்தான் போவார்கள். இன்றைக்கு லாரி மோதிவிட்டது.

அவர் போய்விட்டார், காரில் கூட வந்த லேடியை வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறோம் என்று மாப்பிள்ளையின் போனிலிருந்து ஒரு போலீஸ்காரர் சொன்னார்.

உடனே மனைவியைக் கூப்பிட்டான். லைன் பிஸியாக இருந்தது. அப்பாடா, யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு ஒன்றுமில்லை. அந்த நிம்மதிக்காக அவனுக்கே வெட்கமாக இருந்தது.

தன் பங்குக்கு ரெண்டு மாத்திரையை விழுங்கிவிட்டு, தங்கையிடம் ஓடிவந்தான். வேறு எவனாவது முந்திக்கொண்டு அவளுக்குச் சொல்லித் தொலைத்துவிட்டால்? கடவுளே, அவளையும் பறிகொடுக்க அவனால் முடியாது.

கடையின் பின்னறையில் லென்ஸ் தீட்டும் மெஷின் ஓடவில்லை. தங்கை சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டர் போன் பண்ணாரும்மா. ஏதோ ஜுரம் பரவுதாம், நாம ரெண்டு மாத்திரை கூடப் போட்டுக்கணுமாம்." வழியெல்லாம் ஜோடித்துக்கொண்டு வந்த பொய்யை ஒரே மூச்சில் ஒப்பித்தான்.

"நான் போட்டுட்டேன்ணா."

அப்போதுதான் அவள் கண்களைப் பார்த்தான். அழுது அழுது வீங்கியிருந்தன.

தெரிந்துவிட்டது. யாரோ சொல்லிவிட்டார்கள். அவளும் சமர்த்தாக மாத்திரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கெட்டிக்காரி! தங்கை பிழைத்துக்கொள்வாள். இனி நடிக்க வேண்டியதில்லை. வாய்விட்டு அழலாம்.

"அம்மாடி" என்று அவள் தோளைப் பிடிக்கப் போனான்.

அவள் அந்தக் கையைப் பிடித்து அவனை ஸ்டூலில் உட்கார வைத்தாள். ஒரு டம்ளர் தண்ணீரை அவன் பக்கம் நகர்த்தினாள். பிறகு மூடியிருந்த தன் கையை விரித்தாள். வியர்வையில் பிசுபிசுத்துப்போய் ரெண்டு மாத்திரை இருந்தது.

"அண்ணி போன்லேருந்து போலீஸ்காரர் பேசினாரு. அவரை வேற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்களாம்ணா. சின்ன அடியாத்தான் இருக்கும். வந்து உனக்குத் துணையா இருப்பாரு. மொதல்ல இதை முழுங்கு, அண்ணியப் பத்தி அப்புறம் சொல்றேன்."

லைன் பிஸியாக இருந்தது இதற்குத்தானா.

ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். இன்னொன்றை எடுத்து அவளிடம் நீட்டினான்.