எண்ணூற்றைம்பது சிசி

எட்வேட் தன் மனைவிக்காக நாலு சக்கரக் குவாட் பைக் வாங்கப் போகிறார் என்ற செய்தி, ஞாயிறு பூசை முடிந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த மண்டபம் முழுவதும் பரவியது. பரப்பியவர் எட்வேட்தான்.

லண்டன் செவன் கிங்ஸில் வீடு. றொம்பேட்டுக்கு அப்பால் குத்தகைக்கு ஒரு காணி. அதில் அறுபது ஆடுகள். ஆட்டைப் போனில் பேசி விற்பது எட்வேட்டின் வேலை. மிச்ச வேலையெல்லாம் அவர் மனைவி றோஸ்மலருக்கு.

தண்ணீர்க் குழாய் வீதியோரக் கேற்றடியில். ஆட்டுப்பட்டி மேட்டில். இரண்டு கையிலும் வாளியோடு நாளைக்குப் பத்து நடை ஏறவேண்டும். அந்த வருசம் பெப்ரவரிப் பனியில் றோஸ்மலர் வழுக்கி விழுந்து, மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டார்கள். அடுத்த நாள் ஒற்றை வாளியோடு போனார்.

"இனி என்ரை மனுசி வாளி தூக்கக் கூடாது," என்று எட்வேட் மண்டபத்தில் சொன்னபோது சில பெண்களுக்குக் கண் கலங்கிவிட்டது. அவருடைய திட்டம், பைக்கின் பின்னால் தண்ணீர்த் தாங்கியைக் கட்டி இழுப்பது.

றோஸ்மலர் மட்டும் முகம் மாறாமல் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

மாதர் சங்கத் தலைவி பிலோமினம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. தன் மனுசன் முப்பது வருசத்தில் ஒரு சொப்பிங் பையைக்கூடத் தூக்கினதில்லை என்றும், இப்படியொரு மனுசன் வாய்த்தும் முகத்தில் சிரிப்பில்லாத பெண்ணை இப்போதுதான் பார்ப்பதாகவும் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார்.

எட்வேட் ஒப்பிடத் தொடங்கினார்.

ஜப்பான்காரனின் எழுநூறு சிசி, கனடாக்காரனின் எண்ணூறு, அமெரிக்கக்காரனின் எண்ணூற்றைம்பது. எது எத்தனை கிலோ இழுக்கும், எதற்குப் பவர் ஸ்டியரிங், எது சேற்றில் புதையாது என்று ஞாயிறு தவறாமல் அறிக்கை வந்தது. ஒவ்வொரு பைக்கிலும் ஏறியிருந்து எடுத்த படம் போனில் இருந்தது. எல்லாப் படத்திலும் எட்வேட்தான் இருந்தார்.

அறுபது ஆட்டுக்குத் தண்ணி இழுக்கச் சின்னதாக ஒன்று போதுமே என்று பங்கைச் சேர்ந்த பெனடிக்ற் ஒருநாள் கேட்டுப்பார்த்தார்.

"ஐந்நூறு சிசிக்குக் கீழ வாங்கினா அது என்ரை மனுசியை மதிக்காத மாதிரி, பெனடிக்ற்."



சனிக்கிழமைகளில் எட்வேட் எசெக்ஸ், கெண்ட், சவோக் என்று ஊரூராகக் கடை கடையாக ஏறி இறங்கினார். போன கடைக்கே மறுபடியும் போனார். ஒரு கடைக்காரர் அவரைக் கண்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம். அதையும் எட்வேட்டே பெருமையாகச் சொன்னார்.

றோஸ்மலரிடம் கேட்டால், "ஆறுதலாப் பாக்கட்டும், அவசரமில்லை" என்பதோடு சரி. பிலோமினம்மா ஒருநாள் அவரைத் தனியே கூட்டிக்கொண்டு போய், அந்த மனுசன் உமக்காக அலைந்து மெலிந்துபோனார், கொஞ்சமாவது சந்தோசத்தைக் காட்டும், பிள்ளை, என்று புத்தி சொன்னார். றோஸ்மலர் தலையாட்டினார்.

செப்ரெம்பரில் பைக் வந்தது. அமெரிக்கக்காரனின் எண்ணூற்றைம்பது.

பங்குச் சுவாமியாரைக் காணிக்குக் கூட்டிவந்து தீர்த்தம் தெளிப்பித்தார்கள். பங்கிலிருந்து இருபது பேர் வந்திருந்தார்கள். முதலில் றோஸ்மலர் ஏறி ஓடட்டும் என்று யாரோ சொல்ல, எட்வேட் ஹெல்மெற்றை மாட்டிக்கொண்டே மறுத்தார். பைக் முந்நூற்றைம்பது கிலோ, பெண்களுக்கு அடங்காது என்றார். பின்னால் ஏற்றிக்கொண்டு போகவும் ஏலாது, ஒரு ஆள் மட்டும் என்று கம்பனியே எழுதியிருக்கிறது என்றார். பிறகு தானே ஏறி உறுமிக்கொண்டு மேட்டைச் சுற்றினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

சேறு தெறித்துப் பிலோமினம்மாவின் சீலை கெட்டுவிட்டது. கழுவத் தண்ணீர் எடுக்கக் கேற்றடிக்கு இறங்கப் போனவரை றோஸ்மலர் மறித்து, பட்டிப் பக்கம் கூட்டிப்போனார்.

அங்கே பட்டியை ஒட்டி ஒரு குழாய் நின்றது. பக்கத்துத் தொட்டியில் தண்ணீர் நிறைந்து வழிந்தது. ஆடுகள் குடித்துக்கொண்டு நின்றன.

"இது எப்ப போட்டது?"

"சித்திரையில அக்கா. பக்கத்துப் பண்ணை வெள்ளையரைக் கேட்டன். ஒரு பின்னேரத்துக்குள்ள பைப் இழுத்துத் தந்தவர். அண்டையிலயிருந்து நான் வாளி தூக்கிறேல்லை."

"எட்வேட்டுக்குத் தெரியாதோ?"

"நான் ஒளிக்கேல்லை. காணிக்கு வந்தாக் கண்ணில படும். ஏழு மாசத்தில இண்டைக்குத்தான் வந்திருக்கிறார்."

அந்த நேரம் எட்வேட் குழாயைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து, இருவருக்கும் கையைக் காட்டிவிட்டுப் போனார். றோஸ்மலரும் கையைக் காட்டினார்.

பிலோமினம்மாவுக்குச் சீலையைக் கழுவவேண்டும் என்ற நினைவே போய்விட்டது. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த மனுசன் இவ்வளவு அலைஞ்சிருக்காதே, பிள்ளை."

"அலையாட்டில் சனிக்கிழமையில இங்க கதிரையைப் போட்டுக்கொண்டிருந்து, வாளியை எப்பிடித் தூக்கிறதெண்டு எனக்குப் படிப்பிப்பார் அக்கா." றோஸ்மலர் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தார். "அதுதான் காலமை அவரிட்டைச் சொன்னனான், இதுக்குப் பின்னால கொழுவ நல்ல ட்ரெயிலர் ஒண்டு வேணும், ஒரு பத்துக் கடையாவது ஏறிப் பாருங்கோ எண்டு."