டிக் போடாத வரி

ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் வாசலில் காலை ஏழு மணி வெயில். என் கணவர் வேதமுத்து சைக்கிளில் ஒரு காலை ஊன்றி நிற்கிறார். நான் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பதவி உயர்வுத் தேர்வுக்கு இன்னும் நான்கே நாள். தினம் ஓர் ஆங்கில மரபுத்தொடருக்குப் பொருள் சொன்னால்தான் அவரை வேலைக்கு விடுவேன். என் கையில் நாற்பது பக்க நோட்டு, காதோரம் சிவப்புப் பென்சில். “ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்?” ஹேண்டில்பாரில் சாப்பாட்டுப் பை ஆடுகிறது. “எப்பவோ ஒரு தபா. நீ சிரிக்கிற மாதிரி.” துணி உலர்த்தும் பக்கத்து வீட்டு வனஜா, “கரெக்டா சொன்னீங்கண்ணா” என்கிறாள். எனக்கும் சிரிப்பு வருகிறது, அடக்கிக்கொள்கிறேன். “இங்கிலீஷ்ல ஒரு வாக்கியம் சொல்லுங்க, அப்பதான் டிக்கு.” “உடு மேரி, சங்கு ஊதிட்டான். சாயங்காலம் சொல்றேன்.” கையை எடுக்கிறேன். சைக்கிள் வேப்பமர நிழலுக்குள் போய், வெயிலில் மறுபடி தெரிந்து, தெருமுனையில் திரும்புகிறது. அன்று பகல் பதினொரு மணிக்கு, வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே, மாரடைப்பில் அவர் இறந்துபோனார். நோட்டில் முப்பத்தொரு தொடர்களுக்குப் பக்கத்தில் சிவப்பு டிக் இருக்கிறது. முப்பத்திரண்டாவதற்கு நான் இன்னும் போடவில்லை.