தகட்டின் உட்புறம்

சூரமங்கலத்து மாடி அறையில் மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு மேசைமேல் கிடக்கிறது. திறந்து வைத்த கம்ப்யூட்டருக்குள்ளிருந்து கருகிய வாடை இன்னும் வருகிறது. பவர் சப்ளை வெடித்துவிட்டது; போகிறபோக்கில் ஹார்டு டிஸ்க்கையும் கொண்டுபோய்விட்டது. ஆல்பம் டிசைன் செய்யும் அக்சிலியா முடித்து வைத்திருந்த மூன்று கல்யாண ஆல்பங்கள் அதில்தான் இருந்தன. வைக்க இடமில்லாமல், நான் கழற்றிக் கொடுத்த பக்கத் தகட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்து நிற்கிறாள். அதன் உட்புறம் என்னைப் பார்த்தபடி இருக்கிறது. மார்ச் மாதம் இந்தக் கம்ப்யூட்டரை அவளுக்கு அசெம்பிள் செய்து கொடுத்தபோது நான் மார்க்கரால் எழுதிய கணக்கு அழியாமல் இருக்கிறது: பிராசசர் 125, கிராபிக்ஸ் கார்டு 220, மற்றதெல்லாம் 80, மொத்தம் 425 வாட்ஸ். அதற்குக் கீழே இரண்டு கோடு இழுத்து, ‘பவர் சப்ளை 600 போடணும்’. என் கையிலிருக்கும் கருகிய பவர் சப்ளைப் பெட்டியில் 450 என்று அச்சடித்திருக்கிறது. அன்றைக்குக் கடையில் அதுதான் இருந்தது. தாங்கும் என்று மாட்டிவிட்டேன். “தப்பு என்னுதுதாங்ணா,” என்கிறாள் அவள். “இது ஓடறப்பவே மாவாட்டக் கிரைண்டரப் போட்டுட்டேன். லைட்டு டிம்மாச்சு, அப்பவே நிறுத்தியிருக்கோணும்.” கீழ்வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது. துடைத்த ஸ்க்ரூ டிரைவரையே நான் மறுபடி துடைக்கிறேன். பிறகு கொண்டுவந்த புது 600 வாட்ஸ் பெட்டியை உள்ளே மாட்டி, தகட்டை அவளிடமிருந்து வாங்கி, எழுத்து உள்ளே போகும்படி பொருத்தி, இரண்டு திருகையும் இறுக்குகிறேன். “இனிமே கிரைண்டர் போடறப்ப இத நிறுத்திருங்க,” என்கிறேன். “சரிங்ணா,” என்கிறாள். “என்னால உங்களுக்குத்தான் வீண் அலைச்சல்.”