நான்காவது முனை

தாத்தாரியர் வழக்கப்படி, நான்கு குலத்தலைவர்கள் வெள்ளைக் கம்பளியின் நான்கு முனைகளையும் பிடித்துத் தூக்கினால்தான் அதில் அமர்ந்திருப்பவன் கான், அவர்களின் அரசன். இல்தார் அமர்ந்துவிட்டான். வந்திருந்ததோ மூன்று பேர். அந்நியன் படையால் ஜெயித்தவனைத் தூக்கமாட்டேன் என்று நான்காமவர் குதிரையேறிப் போய்விட்டார். படை அனுப்பிய வடநாட்டு அரசனின் தூதர் கையுறையைக் கழற்றினார். "நானே பிடிக்கிறேன்." யாரும் தடுக்கவில்லை. ஓரத்தில் சங்கிலியோடு நின்ற தெமிர்தான் முந்திக்கொண்டு வந்து முனையைப் பற்றினான். நேற்றுவரை அரியணைக்காக இல்தாரோடு போரிட்ட அண்ணன். புதிய கானின் முதல் ஆணை அவன் தலையை வெட்டச் சொல்வதுதான் என்பது இல்தார் தூதரோடு பேசி முடித்த ஒப்பந்தம். "இந்தாள் கை இதுல படக்கூடாது. தூக்குங்க," என்றான் தெமிர். கம்பளி எழுந்தது. இல்தார் தடுமாறினான். "ஆடாம உக்காருடா, விடமாட்டேன்." வாழ்த்தொலி எழுந்து அடங்கியது. இனி இறக்க வேண்டியதுதான். கீழே தூதர் அந்த முதல் ஆணைக்காகக் காத்திருந்தார். சங்கிலி அறுத்துச் சிவந்திருந்த அண்ணனின் மணிக்கட்டைப் பார்த்தபடி இல்தார் நன்றி சொல்லத்தான் வாயெடுத்தான். கண் நிறைந்து, "இறக்கிடாதண்ணா, இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே பிடிச்சுக்க," என்றுதான் வந்தது.