பதினாறுக்கு ஒன்பது

மேஸ்திரி சொன்னதை நான் பல வருஷமாக முழுசாக நம்பவில்லை. பிளான் காகிதம் சிமெண்டுத் தொட்டியில் விழுந்து ஊறிக் கிழிந்துபோனது என்றார்.

அன்று பத்து மணிக்கு அஸ்திவாரம் தோண்டும் மெஷின் வர வேண்டும். திருப்பி அனுப்பினால் மறுபடி கிடைக்க ஒரு மாதம். இஞ்சினியரோ விமானத்தில் இருந்தார்.

"அளவு ஞாபகம் இல்லையா மேஸ்திரி?" காண்ட்ராக்டரான எனக்கு வியர்த்துக் கொட்டியது.

"இஞ்சினியர் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கு. முதல்ல சதுரமா போட்ட அறை. இப்ப நீளம் நாலடி கூட, அகலம் மூணடி கம்மி. பரப்பு மாறலையாம்."

"இதை வச்சு என்ன பண்றது?"

"கணக்குப் புலி ஒண்ணு இங்கேயே மண் சுமக்குதே, கேளுங்க." சித்தாளைக் காட்டிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

அதற்கு முந்தின வாரம்தான் அவள் என்னிடம் வந்து நின்றாள். "பன்னிரண்டாவது படிச்சிருக்கேன் சார். அளவு போடுற வேலை கொடுங்க. இனிமே சுமக்க முதுகு தாங்காது." "சித்தாளுக்கு டேப் எதுக்கும்மா?" என்று அனுப்பியவன் நான்.

அவள் மண் சட்டியை இறக்கினாள். செங்கல் துண்டை எடுத்துப் பலகையில் எழுதினாள்.

"சதுரத்தோட பக்கம் எக்ஸ். அப்ப புது நீளம் எக்ஸை விட நாலு கூட, அகலம் எக்ஸ்ல மூணு கம்மி. ரெண்டு பரப்பும் சமம். பெருக்கினா எக்ஸ் வர்க்கம் ரெண்டு பக்கமும் அடிபட்டுடும். மிச்சம் எக்ஸ்ல பன்னிரண்டு கழிச்சா பூஜ்யம். அப்ப எக்ஸ் பன்னிரண்டு."

"சும்மா அடிச்சு விடாதே" என்றார் மேஸ்திரி.

"பன்னிரண்டு பன்னிரண்டு நூத்தி நாற்பத்து நாலு. புது அறை பதினாறுக்கு ஒன்பது. அதுவும் நூத்தி நாற்பத்து நாலு. நீங்களே பெருக்கிப் பாருங்க மேஸ்திரி."

யாரும் சிரிக்கவில்லை. டேப்பை வாங்கி அவளே அளந்து முளை அடித்தாள். மேஸ்திரி இடுப்பிலிருந்து நூலை உருவிக் கட்டினார். மெஷின் வந்தது, தோண்டியது. சாயங்காலம் போனில் இஞ்சினியர் சொன்ன அளவும் அதேதான்.

டேப்பைத் திருப்பித் தந்தாள். "உன்கிட்டேயே இருக்கட்டும்" என்றேன். அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

இன்று என் கட்டடங்கள் அத்தனைக்கும் அவள்தான் அளவு. "நான் கேலி பண்ணினேன், என் மூக்கை உடைச்சுட்டா" என்று மேஸ்திரி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். மூக்கு உடைந்தவன் முகத்தில் அவ்வளவு பூரிப்பா?

போன வாரம் அவர் வேலையை விட்டுக் கிளம்பினார். கடைசியில் கேட்டே விட்டேன்.

"அண்ணே, அன்னைக்கு நீங்க கட்டின நூலை நான் பார்த்தேன். சரியா பதினாறாவது அடியிலயும் ஒன்பதாவது அடியிலயும் பழைய முடிச்சு ஒவ்வொண்ணு இருந்துச்சு. அதை எப்போ போட்டீங்க?"